முன்னறிந்து துடித்தல்

கோவளத்தில் விடிவதற்கு முன் படகைக் கடலுக்குள் தள்ளப் போகிறவரின் இதயம், அவர் படகில் கை வைப்பதற்கு முன்பே வேகமெடுத்துவிடுகிறது. அலை எங்கே உடைகிறது, எத்தனை அலை கழிந்தால் ஓர் இடைவெளி கிடைக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில் அவருடைய கைகால்கள் இன்னும் எந்த வேலையும் செய்யவில்லை. எந்தத் தசையும் கூடுதல் ஆக்சிஜன் கேட்கவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் துடிப்பு ஏறுகிறது. ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைவிட அழுத்தமாக விழுகிறது. அதே கரையில் சற்றுத் தள்ளிப் பலகையோடு நிற்கிற, அலைச்சறுக்குக் கற்க வந்த சென்னைப் பையனுக்கும் இதுவேதான் நடக்கிறது. கடலோடு இருவருக்கும் உள்ள பழக்கம் வேறு, அச்சத்தின் அளவும் வேறு. உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டும் ஒன்று.

டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக், யோஹன்னஸ் லிண்ட்ஹார்ட் இருவரும் 1913இல் இதற்கு அடுத்த கணத்தை அளந்து எழுதினார்கள். உழைப்பு தொடங்கிய கணத்திலேயே மூச்சும் நாடித்துடிப்பும் ஏறிவிடுகின்றன. உழைக்கும் தசையிலிருந்து இரத்தத்தின் வழியாக ஏதோ ஒன்று போய் இதயத்தைத் தூண்டுவதற்கு அந்த இடைவெளி போதவே போதாது. ஆகவே கைகால்களுக்குக் கட்டளை அனுப்பும் மூளை, அதே நேரத்தில் அந்தக் கட்டளையின் ஒரு கிளையை இதயத்துக்கும் அனுப்புகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். வேலை வருமுன்பே வேலை வரப்போகிறது என்று இதயத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அதைத் தெரிவிப்பது நரம்பு.

இதயத்தின் வேகத்தை எல்லோரும் கவனிக்கிறோம். மணிக்கட்டில் விரல் வைத்தால் எண்ணிவிடலாம். அதன் வலுவை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இடது கீழறை நிரம்பும்போது அதில் ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். சுருங்கும்போது 70 மில்லிலிட்டர் வெளியேறும். மீதி அறையிலேயே தங்கும். கடும் உழைப்பு வரும்போது கீழறை இன்னும் இறுகிச் சுருங்கி, தங்கியிருந்ததிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தம் அனுப்பும் இதயம், நல்ல உடல்நிலையுள்ள இளைஞரிடம் இருபது லிட்டரைத் தொடுவது வேகத்தால் மட்டும் முடிகிற காரியமில்லை.

அந்தக் கூடுதல் வலு இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி இதயத்தசைக்கே உரியது. அறைக்குள் அதிக இரத்தம் வந்து தசையை நீட்டினால், தசை அதற்கேற்ப அதிக வலுவோடு சுருங்கும். ஓட்டோ ஃபிராங்க் 1895இல் தவளையின் இதயத்திலும், எர்னஸ்ட் ஸ்டார்லிங்கின் குழு 1914இல் நாயின் இதயத்திலும் இதைக் காட்டினார்கள். வந்ததை அப்படியே அனுப்பிவைக்கும் இந்தப் பண்புக்கு நரம்பின் உதவி தேவையில்லை. இரண்டாவது வழியில் தசை அதே அளவு நீண்டிருக்கும்போதே முன்னைவிட வலுவாகச் சுருங்குகிறது. இது நரம்பு சொல்லி வருவது.

மார்புப் பகுதித் தண்டுவடத்தின் மேல்கண்டங்களிலிருந்து புறப்படுகின்றன பரிவு நரம்புகள். கழுத்தடியிலும் மேல்மார்பிலும் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் நரம்புமுடிச்சுகளில் செய்தி இன்னொரு நரம்பணுவிடம் கைமாறுகிறது. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மேலறை, கீழறை என்று இதயம் முழுவதும் பரவி, தசையணுக்களின் அருகே நார்அட்ரினலினைச் சொட்டுகின்றன. அது தசையணுவின் மேலுள்ள பீட்டா-1 ஏற்பியில் பொருந்தியதும் உள்ளே நடப்பதெல்லாம் கால்சியத்தின் கதை.

அந்தக் கதையின் முதல் பக்கம் லண்டன் குழாய்த் தண்ணீரில் எழுதப்பட்டது. 1880களின் தொடக்கத்தில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக்கரைசலில் வைத்துத் துடிக்கவைத்தார். அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வாலைவடித்த நீரில் அதே உப்புகளைக் கலந்து கொடுத்தபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாமல் போனது கால்சியம். ஒவ்வொரு துடிப்பின்போதும் சிறிதளவு கால்சியம் வெளியிலிருந்து தசையணுவுக்குள் நுழைகிறது. அது உள்ளே பைகளில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் பெருமளவு கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. அது போய்த் தசையிழைகளின் புரதத்தில் ஒட்டியதும் இழைகள் ஒன்றோடொன்று பிடித்து இழுக்கின்றன. நார்அட்ரினலின் வந்தால் நுழையும் கால்சியமும் கூடுகிறது, பைகளில் சேர்வதும் கூடுகிறது, இழுப்பும் வலுக்கிறது.

நரம்பின் கட்டளை இத்தோடு முடிந்திருந்தால் இதயம் செத்துப்போயிருக்கும். நிமிடத்துக்கு 170 முறை துடிக்கும்போது ஒரு துடிப்புக்குக் கிடைப்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் சுருங்கவும் வேண்டும், தளர்ந்து மறுபடி நிரம்பவும் வேண்டும். வலுவாகச் சுருங்கி, அந்தப் பிடியிலேயே நின்றுவிட்டால் அறைக்குள் இரத்தம் வர வழியில்லை. ஆகவே ‘இறுகப் பிடி’ என்று சொல்லும் அதே வேதிச்செய்தி ‘சீக்கிரம் விடு’ என்றும் சொல்கிறது. கால்சியத்தைப் பைக்குள் திரும்ப இழுக்கும் பம்பின் மேல் ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற புரதம் தடையாக உட்கார்ந்திருக்கிறது. நார்அட்ரினலினின் செய்தி அந்தத் தடையை விலக்குகிறது. இழையில் ஒட்டிய கால்சியமும் எளிதில் விடுபடும்படி ட்ரோபோனின் என்ற இன்னொரு புரதம் மாற்றப்படுகிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கயிற்றை இறுகப் பிடித்து இழுத்த கை, பிடியை விட்டு முன்னே போய் மறுபடி பற்றினால்தான் வலை கரைக்கு வரும்.

வலு என்றாலே விடாப்பிடி என்று நினைத்துப் பழகியிருக்கிறோம். உடலின் மிக உழைக்கும் தசை அப்படி நினைக்கவில்லை. கூடுதலாக உழைக்கச் சொல்லும் கட்டளைக்குள்ளேயே கூடுதலாகத் தளரச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது. இதைப் படித்தறிந்த நாளிலிருந்து இதயத்தைப் பற்றி நான் நினைக்கும் விதமே மாறிவிட்டது.

பரிவு நரம்புகளுக்கு எதிர்ப்புறத்தில் வேகஸ் நரம்பு இருக்கிறது. மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி வரும் இதைத் தூண்டினால் இதயம் மெதுவாகும், நின்றும் போகும் என்று வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினார்கள். எந்த நரம்பும் தொடாத இளம் இதயம், தன்னிச்சையாக நிமிடத்துக்கு நூறு முறையோ அதற்கும் மேலோ துடிக்கும். நம் நாடி எழுபதில் இருக்கிறதென்றால் வேகஸ் நாள் முழுவதும் அதை அடக்கிவைத்திருக்கிறது என்று பொருள். பலகையிலிருந்து விழுந்தவர் முகம் நீருக்குள் போய் மூச்சை அடக்கும்போது வேகஸின் பிடி இன்னும் இறுகுகிறது. கீழறைகளில் வேகஸின் இழைகள் குறைவுதான். ஆனால் அது பரிவு நரம்பின் முனையிலேயே நார்அட்ரினலின் சுரப்பதைக் குறைத்து, சுருங்கும் வலுவை மறைமுகமாகத் தணிக்கிறது. ஆக, நரம்பு வழி வரும் கீழறையின் வலு எப்போதும் இரண்டு நரம்புகளின் பேச்சில் தீர்மானமாகிறது.

அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பதை ஓட்டோ லோவி தூக்கத்தில் கண்டடைந்தார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓர் இரவு கனவில் சோதனை தோன்ற, எழுந்து கிறுக்கிவைத்தார். காலையில் அந்தக் கையெழுத்து அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் இரவு கனவு திரும்பி வந்தது. இம்முறை நேராகச் சோதனைக்கூடத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து மற்றதில் ஊற்றினார். எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. வேகப்படுத்தும் நரம்பைத் தூண்டி எடுத்த கரைசல் அதன் துடிப்பை வலுப்படுத்தியது. இதை 1921இல் வெளியிட்டார். 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நரம்பு பேசும் மொழி வேதிப்பொருள். ஆகவே நரம்பே இல்லாத இதயத்துக்கும் திரவத்தின் வழியாகச் செய்தி போய்ச்சேர முடியும். லோவியின் இரண்டாவது தவளை இதயம் என்னை வேறொரு இதயத்திடம் கொண்டுபோகிறது.

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம். 2008 செப்டம்பரில் அந்த ஊர் மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் சிக்கினான். அவனுக்கு வயது பதினைந்து. சென்னையில் அவனுக்கு மூளைச்சாவு ஏற்பட்டதை மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். திரையில் தெரியும் துடிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். காவல்துறை வழியை ஒழித்துக்கொடுக்க, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இதயம் பதினோரு நிமிடங்களில் போய்ச்சேர்ந்தது என்று அன்றைய செய்திகள் எழுதின. மருத்துவர் கே. எம். செரியனின் மருத்துவமனையில் அது ஒன்பது வயதுச் சிறுமியின் மார்பில் பொருத்தப்பட்டது. மூளைச்சாவு என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது அந்த வாரத்தில்தான். அதே ஆண்டில் அரசின் உறுப்புதானத் திட்டம் உருவெடுத்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது.

அந்தப் பெற்றோர் எடுத்த முடிவின் அடியில் இருக்கும் உடலியல் உண்மை இதுதான்: இதயம் துடிக்க மூளை தேவையில்லை. மேலறையில் இருக்கும் ஒரு சிறு கணு தன் மின்னலையைத் தானே எழுப்பிக்கொள்கிறது. அதனால்தான் மூளை இறந்த பிறகும், செயற்கைச் சுவாசம் தொடரும்வரை, இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அருகில் நிற்கும் தாய்க்கு அந்த மரணம் மரணமாகத் தெரிவதில்லை. அதனால்தான் அந்த இதயத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடிகிறது. நம்பமுடியாமல் செய்வதும் கொடுக்க வழிவிடுவதும் தசையின் ஒரே பண்பு. அந்தத் துடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு அறிவு மட்டும் போதாது. சொல்லத் தயங்குகிறவர்களைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வராது.

மூளை அமைதியாகவும் விடைபெறுவதில்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறி அடித்தண்டு அழியும் நேரத்தில் பரிவு நரம்புகளும் அட்ரினல் சுரப்பிகளும் கட்டுமீறிப் பாய்கின்றன. இரத்த அழுத்தம் எகிறுகிறது. அந்தப் புயலில் இதயத்தசையே காயப்படக்கூடும். பிறகு நரம்பின் குரல் முழுவதும் அடங்கி, அழுத்தம் சரியத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாலும் திரவத்தாலும் இதயத்தைத் தாங்கிப்பிடிக்கிறார்கள். மூளை செய்துவந்த வேலையை மணிக்கணக்கில் மனிதர்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அறுவைசிகிச்சையில் பெருந்தமனியைத் தைக்கிறார்கள், நுரையீரல் தமனியைத் தைக்கிறார்கள், மேலறைகளையோ பெருஞ்சிரைகளையோ தைக்கிறார்கள். நரம்புகளைத் தைப்பதில்லை. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்தபோதும், 1968 பிப்ரவரியில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி. கே. சென் செய்தபோதும், 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் பி. வேணுகோபால் வெற்றி கண்டபோதும் புது மார்புக்குள் நரம்பறுந்த இதயம்தான் போய்ச்சேர்ந்தது.

வேகஸின் அடக்குமுறை இல்லாததால் அது ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கிறது. அதைப் பெற்றவர் மாடிப்படி ஏறத் தொடங்கினால் முதல் சில நிமிடங்களுக்குத் துடிப்பு ஏறுவதில்லை. கால்தசைகள் பிழிந்து அனுப்பும் இரத்தம் அறையை நிரப்ப, ஃபிராங்கும் ஸ்டார்லிங்கும் சொன்னபடி தசை நீண்டு வலுவாகச் சுருங்குகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து கிளம்பிய அட்ரினலின் இரத்தத்தில் மிதந்து வந்து சேர்ந்த பிறகுதான் வேகமும் கூடுதல் வலுவும் வருகின்றன. ஏறி முடித்து உட்கார்ந்த பிறகும் துடிப்பு உடனே இறங்காது. இரத்தத்தில் உள்ளது கரையும்வரை காத்திருக்க வேண்டும். இதயத்துக்கு இரத்தம் குறைந்தாலும் நெஞ்சுவலி பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனென்றால் வலியைச் சொல்லும் நரம்பும் அறுந்திருக்கிறது. அச்சமும் மகிழ்ச்சியும் அதைத் தாமதமாகத்தான் எட்டுகின்றன.

அமெரிக்காவின் டேவிட் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1960களில் பந்தய நாய்களின் இதய நரம்புகளை அறுத்துவிட்டு ஓடவிட்டார்கள். நாய்கள் கிட்டத்தட்ட முன்போலவே ஓடின. பிறகு பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்தையும் கொடுத்தபோது ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி தளர்ந்தது. நரம்பு போனாலும் இரத்தம் செய்தி கொண்டுவரும். இரண்டும் போனால் தசையின் தனிவலு ஓட்டத்துக்குப் போதாது. உடல் ஒரே செய்தியை இரண்டு பாதைகளில் அனுப்பிவைத்திருப்பது வீண்செலவில்லை என்பதற்கு அந்த நாய்களே சாட்சி.

அறுந்த நரம்பு அறுந்தேதான் கிடக்கும் என்றும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு சிலரிடம் பரிவு நரம்பின் இழைகள் புதிய இதயத்துக்குள் மெல்ல வளர்ந்து நுழைகின்றன. முழுவதும் பரவுவதில்லை, எல்லோரிடமும் நடப்பதும் இல்லை. அப்படி நரம்பு வந்து சேர்ந்தவர்களின் இதயம் உழைப்பின்போது அதிக வலுவோடு சுருங்குகிறது என்று மியூனிக் மருத்துவர்களின் ஆய்வொன்று 2001இல் காட்டியது. யாரோ ஒருவரின் தசைக்குள் இன்னொருவரின் நரம்பு வழி தேடிப் போகிறது. இதை எந்த அறுவை மருத்துவரும் செய்யவில்லை. செய்யச் சொல்லி யாரும் அதற்குக் கற்பிக்கவும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நரம்பு தரும் வலு எப்போதும் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. தளர்ந்துவரும் இதயத்தைப் பரிவு நரம்பு விடாமல் விரட்டுகிறது. முதலில் அது உதவி. மாதக்கணக்கில் தொடரும்போது அதுவே தசையைத் தேய்க்கிறது. அதனால் 1975இல் ஸ்வீடனின் ஃபின் வாக்ஸ்டைன் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு பீட்டா தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். வலுக் குறைந்த இதயத்தின் வலுவை மேலும் குறைக்கும் மருந்து என்று அன்றைய பாடநூல்கள் தள்ளிவைத்திருந்த மருந்து அது. சிறிய அளவில் தொடங்கிப் பொறுமையாகக் கூட்டியபோது நோயாளிகள் தேறினார்கள். இன்று அரசு மருத்துவமனைகளிலும் அது அன்றாட மருந்து. விரட்டலிலிருந்து காப்பாற்றப்பட்ட தசை, தன் வலுவைத் தானே மீட்டுக்கொள்கிறது.

ஒரே நாளில் நேரும் சேதமும் உண்டு. தாங்கமுடியாத துயரம் வந்த சில மணிநேரத்தில் இடது கீழறையின் நுனிப்பகுதி அசைவற்று ஊதிப்போகும் நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்து டாகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். இரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. நரம்பும் அட்ரினலினும் பெருக்கெடுத்ததன் விளைவு அது. 2004 அக்டோபரில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அத்தகைய நோயாளிகள் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 26 அன்று நம் கரைக்கு ஆழிப்பேரலை வந்தது. துயரம் நெஞ்சைத் தாக்கும் என்பதை இந்தக் கரையின் குப்பங்களுக்கு யாரும் படம் எடுத்துக் காட்டவேண்டியதில்லை. பெரும்பாலோரிடம் அந்தத் தசை சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை மட்டும் சொல்லலாம். அது சொல்லப்படவேண்டிய செய்தி.

இதயம் தானாகத் துடிக்கும். ஆனால் எதற்காக, எவ்வளவு வலுவாக, எப்போது என்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. நரம்பு அதற்கு உயிரைக் கொடுக்கவில்லை. வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் உறவைக் கொடுக்கிறது. நரம்பறுந்த இதயத்துக்கு முதன்மையாகக் குறைவது அந்த முன்னறிவுதான். அதையும் ஈடுசெய்ய வழி இருக்கிறது. இதயம் மாற்றப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை எளியது: எந்த உழைப்பையும் மெதுவாகத் தொடங்குங்கள், முதல் சில நிமிடங்களை உடலுக்குக் கொடுங்கள், நிறுத்தும்போதும் படிப்படியாக நிறுத்துங்கள். அப்படிப்பட்ட ஒருவருடன் கடற்கரையில் நடக்கிறவர் அந்த முதல் நிமிடங்களில் அவருடைய வேகத்துக்கே நடக்க வேண்டும். முன்னே போய்த் திரும்பிப் பார்த்து அவசரப்படுத்தக் கூடாது. தேனாம்பேட்டைச் சாலையில் ஓர் இதயம் வரப்போகிறது என்று முன்பே அறிந்து வழிவிட்டவர்கள் செய்ததும், இன்று அவருக்கு இணையாக நடக்கிறவர் செய்யவேண்டியதும் ஒரே வேலை. நரம்பு செய்துவந்த அந்த வேலை, நரம்பு அறுந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரின் பொறுப்பாகிறது.